இசிஇ படித்தவள் நியூரோசயின்ஸ் மேற்படிப்புக்குப் போகலாமா? உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி

மணிமுத்தாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பி.இ. இசிஇ முடித்து இரண்டரை ஆண்டாகச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன்.

எங்கள் ஆச்சிக்குப் பார்க்கின்சன் வந்து ஏழு ஆண்டு ஆகிறது. கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். காபி டம்ளரை எடுக்கப் போனால் நடுக்கம் குறைந்துவிடும். நடந்து வரும்போது வாசல் நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவாள். ஆனால் முற்றத்தில் கோலம் போட்டிருந்தால் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி நன்றாக நடந்து வந்துவிடுவாள். இது ஏன் என்று தேட ஆரம்பித்தவள்தான், இரண்டு ஆண்டாக இரவெல்லாம் மூளை பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் என்பிடெல் இணைய வகுப்பு முழுவதும் பார்த்துவிட்டேன்.

பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்ததால் உயிரியல் தொட்டதே இல்லை. எம்.எஸ்சி. சேரலாமா, நேராகப் பிஎச்.டி.க்கு முயலலாமா, இப்போதே தாமதமாகிவிட்டதா என்று எதுவும் தெரியவில்லை. வீட்டில் "மூளை டாக்டருக்கா படிக்கப் போற?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு விளக்கவும் எனக்குச் சரியாக வரவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

நள்ளிரவு_ரிக் எழுதியது:

தங்கச்சி, நான் ட்ரிபிள்இ படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். பெங்களூரில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு. வீட்டுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நியூராலஜி படித்தவர் நோயாளியைப் பார்ப்பார், நியூரோசயின்ஸ் படித்தவர் அந்த நோய் எப்படி வருகிறது, மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வார். எங்கள் அம்மாவுக்கு இது புரிய ஓர் ஆண்டு ஆனது, ஆனால் புரிந்தது.

உங்கள் பட்டத்தைக் குறையாக நினைக்காதீர்கள். நரம்பு செல்லின் சவ்வு ஒரு கெபாசிட்டர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஃபாரட். அதில் உள்ள அயனிச் சேனல்கள் ரெசிஸ்டர்கள். உள்ளும் புறமும் அயனிச் செறிவு வேறாக இருப்பதுதான் பேட்டரி. 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து எழுதியது இந்தச் சர்க்யூட்டைத்தான். நான்கு டிஃபரன்ஷியல் சமன்பாடுகள், அவ்வளவுதான். நரம்பு செல்லின் கிளையான டென்ட்ரைட்டில் சிக்னல் எப்படித் தேய்ந்துகொண்டே போகிறது என்று கணக்கிடும் கேபிள் சமன்பாட்டின் வேர், அட்லாண்டிக் கடலடித் தந்திக் கேபிளுக்காகக் கெல்வின் போட்ட கணக்கில் இருக்கிறது. டிரான்ஸ்மிஷன் லைன் பேப்பரில் நீங்கள் போட்ட கணக்கின் நெருங்கிய உறவு அது. முதல் செமஸ்டரில் உயிரியல் படித்த தோழிகள் இங்கேதான் திணறினார்கள். எனக்கு இது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் நான் திணறியது எங்கே என்றும் சொல்ல வேண்டும். புரதம், ஜீன் வெளிப்பாடு, ரிசப்டர் வகைகள் இவற்றில் பெயர்களே மண்டையில் நிற்காது. அதைவிடக் கஷ்டம், உயிரியலில் ஒரு விடைக்குப் பின்னால் எப்போதும் விதிவிலக்குகள் வரிசையில் நிற்கும். சர்க்யூட் மாதிரி முழுதாகத் தெரிந்துகொண்டு முன்னேற முடியாது. பாதி தெரிந்த நிலையிலேயே வேலை செய்யப் பழக வேண்டும். அதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது.

நுழைவு விஷயம்: பெங்களூர் ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் நிறுவனம்) நியூரோசயின்ஸ் மையத்தில் பி.இ. முடித்தவர்களும் நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் உள்ள உயிரியல் ஆராய்ச்சி நிறுவனமான என்சிபிஎஸ் போக ஆசை என்றால், அதன் தாய் நிறுவனமான டிஐஎஃப்ஆர் நடத்தும் ஜெஜீபில்ஸ் நுழைவுத் தேர்வு. அதில் உயிரியலோடு கணக்கு, இயற்பியல், தர்க்கக் கேள்விகளும் இருப்பதால் பயப்பட வேண்டாம். எந்தத் தேர்வு செல்லும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பிலேயே பாருங்கள், யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சரி. ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. என்றால் கையிலிருந்து செலவழித்துப் படிப்பது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தால் இதையும் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். பி.எஸ்சி. பயோடெக் முடித்து, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ் சேர்ந்தேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து அப்பா கடன் வாங்கித்தான் கட்டினார். பாடத்திட்டத்தில் பேட்ச் கிளாம்ப் (ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் முறை) என்று ஒரு முழு யூனிட் இருந்தது. கருவியை நான் படத்தில் மட்டுமே பார்த்தேன். மூன்று மாதத்தில் ஒரு ப்ராஜெக்ட், அதுவும் ஏற்கெனவே வந்த கட்டுரைகளைத் தொகுத்து எழுதுவது. எலி மூளையின் ஒரு துண்டைக்கூடத் தொடாமல் நியூரோசயின்ஸ் பட்டம் வாங்கினேன்.

அதற்குப் பிறகு வந்த சிக்கல் இன்னொன்று. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் நியூரோசயின்ஸ் என்று தனித் தாள் கிடையாது. லைஃப் சயின்சஸ்தான் எழுத வேண்டும். அதில் தாவர உடலியங்கியல், சூழலியல், பரிணாமம் எல்லாம் வரும். என் எம்.எஸ்சி.யில் அவை எதுவும் இல்லை, எல்லாவற்றையும் புதிதாகப் படித்தேன். கல்லூரி வேலைக்குப் போனால் "இந்தப் பட்டம் விலங்கியலுக்குச் சமமா, உயிர்வேதியியலுக்குச் சமமா?" என்று கேட்கிறார்கள். நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் அந்தப் பெயரில் துறையைத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இறுதி ஆண்டு ஆய்வு எத்தனை மாதம்? அந்தத் துறையில் இப்போது நிதியோடு நடக்கும் ஆராய்ச்சி என்ன? போன பேட்ச் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அட்மிஷன் அலுவலகத்தில் கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து கேளுங்கள். நான் கேட்கவில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

காவிரிக்கரை, உங்கள் பதிவைப் படித்து மனது கனத்தது. ஆனால் எம்.எஸ்சி. என்ற படியே தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் மதுரையில் பி.ஏ. உளவியல் படித்தவன். என் மாதிரி ஆட்களுக்கு நேரடிப் பிஎச்.டி. கதவு திறப்பது அரிது. எனக்கு வழி விட்டது, மனம் எப்படி அறிகிறது, நினைக்கிறது என்று படிக்கும் அறிதல் அறிவியல் (காக்னிட்டிவ் சயின்ஸ்) எம்.எஸ்சி.தான். காந்திநகர் ஐஐடியில் அந்தப் படிப்புக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும், அவர்களே தேர்வு வைத்து எடுக்கிறார்கள். என் அண்ணன் ஒருவன் தத்துவம் படித்துவிட்டு அதற்கு விண்ணப்பித்தான். அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் நடத்தை, அறிதல் அறிவியலுக்கென்று தனி மையம் இருக்கிறது. கேட் தேர்வில் 2021 முதல் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாளில் உளவியல் ஒரு பிரிவாக இருக்கிறது என்பது எங்கள் கல்லூரியில் பலருக்குத் தெரியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

உளவியல் படித்தவர்களிடம் ஒரு நல்ல சரக்கு உண்டு. ஒரு சோதனையை எப்படி அமைப்பது, வரிசையை மாற்றி மாற்றிக் கொடுக்காவிட்டால் என்ன பிழை வரும், பங்கேற்பவர் உண்மையில் எதற்குப் பதில் சொல்கிறார் என்று பார்க்கும் கண் இருக்கும். எம்ஆர்ஐ கருவியை ஓட்டத் தெரிந்தவர் நிறையப் பேர். அதற்குள் படுத்திருப்பவருக்கு என்ன வேலை கொடுத்தால் நம் கேள்விக்கு விடை வரும் என்று யோசிக்கத் தெரிந்தவர் குறைவு.

இல்லாதது கணக்கு. நான் ஒரு முழு ஆண்டு லீனியர் ஆல்ஜிப்ராவும் நிகழ்தகவும் பைத்தானும் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்தான் தொடங்கினேன், மேட்ரிக்ஸ் பெருக்கலிலிருந்து. அதைத் தவிர்த்துவிட்டு மேலே போனவர்கள் டேட்டா கைக்கு வந்ததும் யாரையாவது கெஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இசிஇ படித்த தோழிக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

---

ஈரோட்டு பிசியோ எழுதியது:

ஆச்சி கோலத்தைத் தாண்டி நடப்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பி.பி.டி. முடித்து ஒன்பது ஆண்டாகப் பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தரையில் ஓர் அடிக்கு ஒன்றாக வண்ண டேப் ஒட்டி அதன்மேல் நடக்க வைப்போம். வாசல் நிலைப்படிக்கு முன்னாலும் ஒட்டிப் பாருங்கள் அம்மா. நிறத்தில் தரையிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். சிலருக்குத் தாளம் போட்டாலும் கால் நகரும்.

தானாக நடக்கும் நடைக்கு மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத்திரள் வேண்டும், பார்க்கின்சனில் டோபமைன் குறைந்து பழுதாவது அந்த வழி. கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் நடை வேறு பாதையில் ஓடுகிறது என்று கருதுகிறார்கள். ஆனால் யாருக்கு இது வேலை செய்யும், யாருக்குச் செய்யாது, ஏன் சில நாள் வேலை செய்து சில நாள் செய்வதில்லை என்பதை நான் இந்த ஒன்பது ஆண்டாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விடை இல்லை. அதற்காகத்தான் நானும் ஆராய்ச்சிப் பக்கம் போகப் பார்க்கிறேன். 34 வயது. லேபில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி: என்னைப் போல் நோயாளிகளோடு இருந்தவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா, அல்லது பைப்பெட் பிடிக்கத் தெரிந்தால்தானா?

---

நள்ளிரவு_ரிக் எழுதியது:

அண்ணா, நிச்சயம் இருக்கிறது. கை அசைவு, நடை, பேச்சு பற்றி மனிதர்களையே வைத்து ஆராயும் லேப்களில் ஒரு நோயாளியோடு எப்படிப் பேசுவது, எப்போது ஓய்வு கொடுப்பது என்று தெரிந்த ஆள் கிடைப்பது பெரிய விஷயம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மாதிரி மருத்துவமனையும் ஆராய்ச்சியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடங்களை முதலில் பாருங்கள். உங்கள் கேள்வியைப் பாருங்கள், எவ்வளவு தெளிவாக இருக்கிறது. நேர்காணலில் அதையே சொல்லுங்கள்.

---

பழைய வாத்தியார் எழுதியது:

முப்பத்தோரு ஆண்டு உயிர்வேதியியல் கற்பித்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். பிள்ளைகளே, இந்தத் துறை பல ஊர்த் தண்ணீர் கலந்த ஆறு. நினைவாற்றலுக்குக் கடல் முயல் என்ற ஓடில்லாக் கடல் நத்தையில் அடிப்படை கண்டு 2000இல் நோபல் வாங்கிய எரிக் கேண்டல் இளங்கலையில் படித்தது வரலாறும் இலக்கியமும். மூளைக்குள் இருக்கும் இடவரைபடத்துக்காக 2014இல் பரிசு பெற்ற மூவரும் உளவியல் வழியாக வந்தவர்கள். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த வி.எஸ். ராமச்சந்திரன், துண்டான கையில் வலி என்று சொன்னவர்களுக்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்றை வைத்துப் பெட்டி செய்து காட்டினார்.

ஆனால் இதை வைத்து எதையும் படிக்காமல் உள்ளே வந்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். கேண்டல் அப்புறம் முழு மருத்துவப் படிப்பையும் முடித்தார். ஒன்றை ஆழமாகக் கற்றவர்கள் இன்னொன்றையும் ஆழமாகக் கற்றார்கள், நடந்தது அதுதான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த மாணவரை எந்த லேபிலும் எந்த வேலைக்கும் வைக்க முடியாமல் நானே தவித்திருக்கிறேன். ஆகவே மணிமுத்தாறு, சிக்னல் பிராசசிங்கை விட்டுவிடாதே அம்மா. உயிரியலை அதன் மேல் கட்டு.

ஒன்று செய். ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைப் படமெடுத்து தரணி என்ற பெயரில் 2024இல் பொதுவில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார். மூளையை வெட்டுபவர், சாயமேற்றுபவர், இவ்வளவு பெரிய படத்தைச் சேமித்துக் காட்டும் பொறியாளர் என எத்தனை வகைக் கை சேர்ந்தால் அது நடக்கும் என்று உனக்கே தெரியும்.

---

காவிரிக்கரை எழுதியது:

ஐயா சொல்வதோடு முழுதும் ஒத்துப்போகிறேன். என் எம்.எஸ்சி.யில் நடந்தது அதுதான். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி. இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: இப்போது நான் ஒரு லேபில் ப்ராஜெக்ட் அசோசியேட். பத்து மாதத்தில் கற்றது அந்த இரண்டு ஆண்டைவிட அதிகம். மணிமுத்தாறு, பட்டத்துக்கு முன் ஒரு லேபில் ஆறு மாதம் இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதம்தான் போகும்.

---

கோட்டிங்கன்_மழை எழுதியது:

ஜெர்மனி பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் நியூரோசயின்ஸ் முதுகலைக்கு உயிரியல், மருத்துவம், உளவியல், இயற்பியல் எனப் பல பட்டங்களிலிருந்து ஆண்டுக்கு இருபது பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் நடக்கும். டூபிங்கனில் மூன்று தனித்தனி முதுகலைகள் உண்டு, பொறியாளர்களுக்கு ஏற்றது நரம்புத் தகவல் செயலாக்கம் பற்றியது. ஆனால் அந்த மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். பெர்லினில் மூளையைக் கணக்கு, கணினி மாடல் வழியாக ஆராயும் கம்ப்யூட்டேஷனல் நியூரோசயின்ஸ் இருக்கிறது, சேரும்போதே கணக்கில் கெட்டியாக இருக்க வேண்டும்.

விசாவுக்கு 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் பட்டங்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடியும் முடக்க வங்கிக் கணக்கில் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், நான் கடைசியாகப் பார்த்தபோது. கட்டணமே இல்லை என்று ஏஜெண்டுகள் சொல்லும்போது இந்தத் தொகையைச் சொல்வதில்லை. அம்மா நகையை அடகு வைத்தவர்களை இங்கே பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

---

மணிமுத்தாறு எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பிசியோ அண்ணா, மஞ்சள் டேப் வாங்கித் தம்பியை விட்டு நிலைப்படிக்கு முன் ஒட்டச் சொன்னேன். நேற்று வீடியோ காலில் பார்த்தேன், ஆச்சி நிற்காமல் தாண்டினாள். அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

ஒன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எலியை வைத்து ஆராய்ச்சி செய்யும்போது அதைக் கொல்ல வேண்டுமா? என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

---

நள்ளிரவு_ரிக் எழுதியது:

இதைக் கேட்டது நல்லது. பலர் சேர்ந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஆம், பல ஆய்வுகளில் கொல்ல வேண்டியிருக்கும். நான் மூளைத் துண்டுகளில் பதிவு எடுக்கிறேன். 300 மைக்ரான் தடிமனில் சீவி, ஆக்சிஜன் ஓடும் கரைசலில் வைத்தால் சில மணி நேரம் செல்கள் உயிரோடு இருக்கும். அந்தத் துண்டு ஓர் எலியிலிருந்துதான் வருகிறது. எந்த ஆய்வுக்கும் முன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலி தெரியாமல் எப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் முறை செய்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது கை நடுங்குவதில்லை, ஆனால் எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அன்று எடுத்த துண்டை வீணாக்கக் கூடாது என்று இரவு இரண்டு மணி வரை ரிக்கில் (பதிவு எடுக்கும் கருவிகள் உள்ள மேசையில்) உட்கார்ந்திருப்பேன். இந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

முடியாது என்றால் அது தோல்வி இல்லை. மனிதர்களில் இஇஜி (தலையில் மின்முனை வைத்து மூளை அலைகளைப் பதிவது), எம்ஆர்ஐ, நடை அளவீடு, இல்லையென்றால் முழுக்கக் கணினி மாடல் என வேறு வழிகள் நிறைய. எங்கள் தளத்திலேயே விலங்கைத் தொடாமல் பிஎச்.டி. முடித்தவர்கள் உண்டு. லேப் தேர்ந்தெடுக்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். மூன்று இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன, படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது அருமையான வழி. வேலையில் இருக்கும் உங்களுக்கு நியூரோமேட்ச் பொருந்தும். 2020இல் தொடங்கிய இணையக் கோடைப் பள்ளி, பாடங்கள் எல்லாம் இலவசமாகத் திறந்தே கிடக்கின்றன, பைத்தானில்தான். அதோடு ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி மாடலை நீங்களே காலியான ஒரு ஃபைலில் தொடங்கி எழுதுங்கள். யாருடைய புரோகிராமையும் நகல் எடுக்காதீர்கள். அப்புறம் லேப்களுக்கு மெயில் எழுதும்போது "எனக்கு மூளை மீது ஆர்வம்" என்று எழுதாமல், எழுதிய புரோகிராமையும் உங்கள் ஆச்சி பற்றிய கேள்வியையும் வையுங்கள்.

---

மணிமுத்தாறு எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். பதினொரு லேப்களுக்கு எழுதினேன். மூன்றிலிருந்து பதில் வந்தது, ஒன்றில் இணைய வழியில் பேசினார்கள். நடையை சென்சார் வைத்து அளக்கும் லேப். சனிக்கிழமைகளில் வந்து டேட்டாவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், சம்பளம் இல்லை. அடுத்த சனி முதல் போகிறேன். அம்மாவிடம் சொன்னேன், "ஆச்சிக்கு ஏதாவது வழி கிடைக்குமா?" என்று கேட்டாள். ஆச்சிக்குக் கிடைக்காது என்று உண்மையைச் சொன்னேன். சரி போ என்றாள்.

மாடல் எழுதிவிட்டேன் அக்கா. முதல் நாள் எதுவுமே வரவில்லை, ஆல்ஃபா சமன்பாட்டில் ஒரு மைனஸ் விட்டிருந்தேன். இப்போது சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் ஒழுங்காக ஸ்பைக் (நரம்பு செல்லின் மின்துடிப்பு) அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் 200 கொடுத்தால் ஒரே ஒரு ஸ்பைக் வந்து, அப்புறம் அலைந்து அலைந்து அடங்கி, மேலேயே நின்றுவிடுகிறது. கரண்ட் கூட்டினால் இன்னும் வேகமாக அல்லவா அடிக்க வேண்டும்? என் புரோகிராமில் பிழையா?

---

நள்ளிரவு_ரிக் எழுதியது:

பிழை இல்லை! புரோகிராம் சரியாக வேலை செய்கிறது. சோடியம் சேனல் எவ்வளவு பூட்டாமல் இருக்கிறது என்று காட்டும் எச் என்ற மாறியைத் தனியாக வரைந்து பாருங்கள். சோடியம் சேனல் ஒருமுறை திறந்த பிறகு பூட்டிக்கொள்ளும். வோல்டேஜ் கீழே இறங்கினால்தான் அந்தப் பூட்டு கழலும். நீங்கள் கொடுக்கும் கரண்ட் வோல்டேஜை இறங்கவே விடுவதில்லை, அதனால் எச் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கும், அடுத்த ஸ்பைக் வராது. உண்மையான செல்லிலும் இது நடக்கும், ரிக்கில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

100, 120, 150, 180 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை லேபுக்குப் போகும்போது அந்த வரைபடத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.